அடையார் டிடிகே ஹாஸ்பிடல்: வீட்ல இருக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்

சென்னைல குடிநோய்க்கு எங்க காட்டலாம்னு யாராச்சும் கேட்டா நான் யோசிக்காம சொல்றது இந்திரா நகர் டிடிகே ஹாஸ்பிடல் தான். என் தம்பிய அங்கதான் சேர்த்தோம்.

மொதல்ல இத ஆரம்பிச்சவங்களப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா அங்க பண்ற வைத்தியமே அவங்க பட்ட கஷ்டத்துல இருந்து வந்ததுதான். சாந்தி ரங்கநாதன், டிடிகே தொழில் குடும்பத்து மருமக. வீட்டுக்காரர் சின்ன வயசுலயே 1979ல குடியால போயிட்டாரு. பணத்துக்கு குறையே இல்லாத வீடு, ஆனா குடிய ஒரு நோயா பாத்து கவனிக்க அப்போ இங்க பெருசா இடம் இல்ல. அடுத்த வருஷமே, 1980ல, அவர் பேர்லயே டி.டி.ரங்கநாதன் க்ளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க, இந்த ஹாஸ்பிடல நடத்தறது அதுதான். டாக்டர் இல்ல, சோஷியல் ஒர்க் படிச்சவங்க, அமெரிக்கால ஹேசல்டன்ங்கற போதை மறுவாழ்வு மையத்துலயும் ட்ரெய்னிங் எடுத்திருக்காங்க. 1992ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

சேர்த்ததும் மொதல்ல டீடாக்ஸ், அதாவது குடிய நிறுத்தி உடம்ப போதைல இருந்து மீட்கறது. தெனமும் குடிக்கறவங்க சட்டுனு நிறுத்தினா கை நடுங்கும், ஃபிட்ஸ் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரியும், சில பேருக்கு உயிருக்கே ஆபத்து, அதனால டாக்டர் பார்வைல மாத்திரையோட தான் நிறுத்தணும். இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல விட்டிருந்தோம், பேர் வேண்டாம், ரூம்ல போட்டு பூட்டி அடிச்சிருக்காங்க, வெளிய வந்த அன்னிக்கே நேரா டாஸ்மாக் போயிட்டான். இங்க அடி, திட்டு எதுவும் இல்ல. உடம்பு கொஞ்சம் தேறினதும் கவுன்சிலிங், க்ரூப் தெரபி, வகுப்புனு நாள் முழுக்க ஓடுது.

ஆனா எனக்கு ரொம்ப பெரிய விஷயமா பட்டது ஃபேமிலி ப்ரோக்ராம் தான். நோயாளிய விட்டுட்டு நாம வீட்டுக்கு வந்துட முடியாது, குடும்பத்துல ஒருத்தர் வந்து உக்காரணும். தம்பி பொண்டாட்டி போனா. கவுன்சிலர் மேடம் அவன் எவ்ளோ குடிப்பான்னு ஆரம்பிக்கல, நீ ஒழுங்கா தூங்கறியாமான்னு தான் கேட்டாங்களாம். அவ்ளோதான், இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது எல்லாம் கொட்டிட்டா. ராத்திரி கேட் சத்தம் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், பெரியவன் அப்பாவோட செருப்பு சத்தத்த வெச்சே இன்னிக்கு குடிச்சிருக்காரா இல்லயான்னு சொல்லிடுவான், சின்னத தூக்கிட்டு பின்கட்டுக்கு ஓடிடுவான். இதெல்லாம் குடி நின்ன மறுநாளே போயிடாது, பயம் உடம்புலயே தங்கிடும், அதுக்கும் தனியா வைத்தியம் வேணும்னு அந்த மேடம் பொறுமையா புரிய வெச்சாங்க. அவர் குடிக்கறதுக்கு நீ காரணம் இல்லமான்னு ஒரு வார்த்த சொன்னாங்களாம், எங்க வீட்ல நாங்க யாருமே அவகிட்ட அத சொன்னதில்ல.

அவசரமா ரெண்டு நாள்ல சரி பண்ணி அனுப்புங்கன்னு கேக்கறவங்களுக்கு இந்த இடம் ஒத்து வராது. கிட்டத்தட்ட ஒரு மாசம் ஒதுக்கணும், வேலைக்கு போறவங்களுக்கு லீவு கஷ்டம் தான். டிஸ்சார்ஜ் ஆனப்புறமும் ஃபாலோ அப் வரணும், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங், அதாவது குடிய விட நெனைக்கறவங்க ஒண்ணா கூடி பேசற கூட்டம், அதுக்கும் போகணும், அந்த மீட்டிங்குக்கு காசு கெடயாது. சில பேர் ட்ரீட்மெண்ட் முடிஞ்சும் திரும்ப குடிப்பாங்க, அப்ப கைவிட்டுடாம திரும்ப கூட்டிட்டு வாங்கன்னு தான் சொல்றாங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு விளம்பரத்த பாத்து சாப்பாட்டுல தெரியாம மருந்து கலந்து குடுக்காதீங்க. குடிய நிறுத்த குடுக்கற டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா வாந்தி, மூச்சு திணறல், பிபி எறங்கி ஆளே போயிடலாம், அவருக்கு தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் சொல்லித்தான் எடுக்கணும். ஹாஸ்பிடல் வரைக்கும் உடனே வர முடியலன்னா 14446க்கு போன் பண்ணுங்க, போதை மறுவாழ்வுக்கான அரசாங்க ஹெல்ப்லைன், ஃப்ரீ தான். குடிக்கறவர் பேச மாட்டேன்னாலும் பரவால்ல, வீட்ல இருக்கற நீங்க பண்ணி பேசலாம்.