எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் மறுத்தால்: யாருக்கு எழுதுவது, எதை எழுதுவது?

பேரியாட்ரிக் சர்ஜரி கிளெய்ம் மறுக்கப்பட்டதும் வீட்டில் எழும் முதல் யோசனை, "நேரா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போயிடலாம்" என்பதுதான். போகலாம். ஆனால் அதுதான் கடைசியில் போக வேண்டிய இடம் என்பது என் கட்சி.

முதலில் மறுக்கப்பட்டது எது என்று பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் கேஷ்லெஸ் அனுமதி மட்டும் கிடைக்கவில்லை என்றால், கிளெய்மே போய்விட்டதாக அர்த்தம் இல்லை. கையிலிருந்து கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போடலாம். ஆனால் லட்சக்கணக்கில் புரட்ட வேண்டியிருக்கும். பிறகு அதையும் மறுத்தால் கடன் நம் தலையில். அவசர ஆபரேஷன் இல்லையென்றால், தேதியைத் தள்ளிவைத்துவிட்டு மேல்முறையீடு செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடிதம் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று, "மாடிப்படி ஏற முடியவில்லை, பத்து வருடமாகப் பிரீமியம் கட்டுகிறேன், கருணை காட்டுங்கள்" என்பது. அதில் பொய் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. இன்னொன்று, மறுப்புக் கடிதத்தில் சொன்ன விதியை எடுத்து வரிக்கு வரி பதில் சொல்வது.

இந்தியாவில் பெரும்பாலான ஹெல்த் பாலிசிகளில் அந்த விதி, எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்று சொல்லும் விலக்குப் பட்டியலில் 06 என்ற எண்ணில் இருக்கும். நான்கு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் பணம் என்பது அது. டாக்டரின் ஆலோசனை, மருத்துவ நெறிமுறையின் ஆதரவு, 18 வயது நிறைவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் தகராறுக்கு வராது. நான்காவதுதான் சிக்கல்: பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35-க்குக் குறையாமல், கூடவே உடல் பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று. டயட் போன்ற எளிய வழிகளை முயன்றும் எடை குறையவில்லை என்பதும் இந்த இரண்டாம் வகைக்கு வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 165 செ.மீ. உயரம், 109 கிலோ என்றால் பிஎம்ஐ 40-ஐத் தொட்டுவிடும். அதே ஆளின் உயரத்தை ஸ்கேன் சென்டர்க்காரர் 166 என்று எழுதிவிட்டால் 39.6. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சொன்ன திரவ உணவில் எடை 105-க்கு இறங்கி, அட்மிஷன் சீட்டில் அதை எழுதினால், உயரம் 165 என்றே இருந்தாலும் 38.6. கம்பெனி கையில் எடுப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சீட்டைத்தான். அதனால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, "முதல் ஆலோசனையின்போது பதிவான எடை இது, பிறகு குறைந்தது மருத்துவர் சொன்ன முன்தயாரிப்பு உணவால்" என்று தேதியுடன் எழுதி, அந்த ஓபி சீட்டின் நகலை இணைக்க வேண்டும்.

டாக்டர் எழுதித் தருவதா, நாமே எழுதுவதா? இரண்டும் வேண்டும், வேலைதான் வேறு. டாக்டர் கடிதம் மருத்துவத் தேவையைச் சொல்லும். பல சர்ஜன்கள் 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலைக் காட்டி, ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-லேயே ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்று எழுதுவார்கள். மருத்துவமாக அது சரி. பாலிசி 35 என்று சொல்லும்போது கம்பெனி அதற்கு அசையாது. சர்க்கரை எத்தனை மருந்துக்குப் பிறகும் இறங்கவில்லை, தூக்கப் பரிசோதனை முடிவு என்ன என்று அவரிடம் எழுதி வாங்குவதே பலன் தரும். விதியோடு அதைப் பொருத்திக் காட்டுவது நம் கடிதத்தின் வேலை.

மறுப்புக்குக் காரணம் "பழைய நோயை மறைத்துவிட்டீர்கள்" என்றால் கடிதமே வேறு. பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடியிருந்தால், மோசடியை நிரூபித்தாலொழிய அந்தக் காரணம் நிற்காது. இதை ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடலாம்.

அடுத்தது, யாருக்கு அனுப்புவது. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரி. மறுத்த கம்பெனியே மறுபடி பார்க்கிறதே என்று சலிப்பு வரும். ஆனால் இந்தப் படியைத் தாண்டாமல், கம்பெனிக்கு வெளியே இருந்து இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன் புகாரை எடுக்கமாட்டார். இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்தில் பதிவது இதற்கு மாற்று அல்ல, துணை. அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. புகார் கம்பெனிக்கே போகும். பதிவு எண் கிடைக்கும், கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். அந்த அளவுக்கு நல்லது.

பதில் திருப்தியாக இல்லை, அல்லது ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம்; ஆன்லைனிலும் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை உத்தரவிடலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. அதாவது தோற்றாலும் நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு, போக வழி உண்டு. தலைகீழாகச் செய்ய முடியாது: ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மேன் கதவு சாத்திவிடும். கடைசிப் படி கோர்ட் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

நுகர்வோர் ஆணையத்துக்கென்று ஒரு பலம் இருக்கிறது. மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் வழக்குச் செலவும் அங்கே கேட்கலாம். ஓம்பட்ஸ்மேன் நேரடி இழப்புக்கு மேல் தரமாட்டார். ஆணையத்தில் கட்டணம் கணக்கிடுவது கட்டிய பிரீமியத்தை வைத்து; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் வாய்தா வாங்கியே வருடங்கள் ஓடலாம். இரண்டு வருடக் காலவரம்பும் உண்டு, அதனால் ஓம்பட்ஸ்மேனிடம் காத்திருக்கும்போது அந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

ஆபீஸ் தரும் குரூப் பாலிசியில் இந்த விதிகளே வேறாக இருக்கலாம். பேனாவை எடுக்கும் முன் எச்ஆரிடம் பாலிசி நகலை வாங்கிப் படித்துவிடுங்கள்.