ஜிஆர்இ சொல்வளம்: பெரும் பட்டியலா, அட்டைகளா, வேர்ச்சொல்லா, வாசிப்பா?

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை எழுதவிருக்கும் பொறியியல் பட்டதாரிகள் பலருக்குக் கணிதப் பகுதி பெரிய அச்சத்தைத் தருவதில்லை. அவர்கள் தயங்கி நிற்பது ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியின் சொற்களிடம்தான். அச்சொற்களைக் கற்க எந்த வழி சிறந்தது என்று ஆராயுமுன், தேர்வு இன்று என்ன கேட்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். ஏனெனில் மூத்த மாணவர்களிடமிருந்து வழிவழியாக வரும் அறிவுரைகளில் ஒரு பகுதி, இப்போது வழக்கில் இல்லாத பழைய தேர்வுக்கு உரியது.

2011 ஆகஸ்ட் வரை எதிர்ச்சொல் வினாக்களும் சொல் ஒப்புமை வினாக்களும் இருந்தன. சொல்லின் பொருளை மனப்பாடம் செய்தவருக்கு அவற்றில் நேரடியாகப் பலன் கிடைத்தது. இப்போது இருப்பவை கோடிட்ட இடங்களை நிரப்பும் வினாக்களும், ஆறு சொற்களிலிருந்து, வாக்கியத்தில் பொருந்தி ஒரே கருத்தைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களும் ஆகும். 2023 செப்டம்பரில் தேர்வு ஏறத்தாழ 2 மணி நேரமாகச் சுருக்கப்பட்டபின் வெர்பலில் உள்ள 27 வினாக்களில் பாதியளவு இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்று இடங்களை நிரப்பும் வினாவில் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் உண்டு. ஆகவே இன்றைய தேர்வு சோதிப்பது, ஒரு சொல் ஒரு வாக்கியத்துக்குள் என்ன செய்கிறது என்ற அறிவையே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, பேரன்ஸ் பதிப்பகத்தின் தேர்வு வழிகாட்டி நூலால் புகழ்பெற்ற 3500 சொற்களின் பட்டியல்தான் முதலில் பின்தங்குகிறது. மூன்று மாதத்தில் அதை முடிக்க நாள்தோறும் ஏறத்தாழ 40 புதிய சொற்களைக் கற்க வேண்டும். அதற்கு மேல் பழையவற்றைத் திருப்பிப் பார்க்கும் சுமையும் சேரும்போது, கணிதத்துக்கும் கட்டுரைக்கும் ஒதுக்கிய நேரம் கரைந்துவிடும். அகர வரிசை இன்னொரு தொல்லையைத் தருகிறது: ‘இன்ஜீனியஸ்’, ‘இன்ஜெனுவஸ்’ போன்று எழுத்தளவில் நெருங்கிய சொற்கள் அடுத்தடுத்து வந்து நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டியலைப் புரட்டுபவர் தமக்குத் தெரிந்ததாகத் தோன்றும் சொற்களைத் தாண்டிச் செல்கிறார். தேர்வோ அந்தச் சொற்களில்தான் அவரை நிறுத்துகிறது. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுதல் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கருத்தை வரம்புக்குட்படுத்திச் சொல்லுதல் என்ற பொருள் பலருக்குத் தெரியாது. ‘சாங்ஷன்’ அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். ‘டெம்பர்’ என்பது கோபம் என்று நின்றுவிடுபவர், ஒன்றின் கடுமையைத் தணித்தல் என்ற பொருளில் அது வரும்போது தடுமாறுகிறார். உருக்கை டெம்பர் செய்து அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பதைப் பட்டறையில் கற்ற இயந்திரவியல் மாணவருக்கு அந்தப் பொருள் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதை வாக்கியத்தோடு இணைத்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

அடுத்த போட்டியாளர் ஃப்ளாஷ் கார்டு, அதாவது ஒரு பக்கம் வினாவும் மறுபக்கம் விடையும் எழுதிய சிறு அட்டை. தேர்வுப் பயிற்சி நிறுவனங்களில் மேன்ஹாட்டன் பிரெப் தலா 500 சொற்கள் கொண்ட இரு தொகுப்புகளாக அச்சிட்ட அட்டைகளும், மகூஷ் இலவசமாகத் தரும் 1000 சொற்களும் நம் மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டவை. இடைவெளியை நீட்டி நீட்டித் திருப்பிக் கேட்கும் ஆங்கி செயலியில் அவரவரே அட்டைகளை எழுதிக்கொள்ளலாம். இந்த வழியின் பலத்துக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர்கள் கார்பிக், ரோடிகர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றனர். ஒரு வாரத்துக்குப் பின், தொடர்ந்து நினைவிலிருந்து பொருளைச் சொல்லிப் பழகியவர்கள் ஏறத்தாழ 80 சதவீதத்தை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லை மறுபடி சோதிக்காமல் படிக்க மட்டும் செய்தவர்களால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே முடிந்தது. பட்டியலைப் பத்து முறை வாசிப்பதால் வருவது பழக்க உணர்வு மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆயினும் அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் ஒற்றைச் சொல்லில் பொருள் என்று எழுதினால், அது சிறு துண்டுகளாக வெட்டப்பட்ட பழைய பட்டியலாகவே இருக்கும். அதற்கு மாறாக, ‘அமைச்சரின் பாராட்டைச் சில எச்சரிக்கைகள் ____ செய்தன’ என்பது போன்ற முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் முன்பக்கம் எழுதி, ‘டெம்பர்’ என்ற சொல்லையும் அதன் பொருளையும் பின்பக்கம் வைத்தால், அட்டை பயிற்றுவிப்பதும் தேர்வு கேட்பதும் ஒன்றாகிவிடும்.

ஒரே பொருளுடைய பத்துச் சொற்களைக் கூட்டமாகக் கற்கும் முறை இப்போது மிகவும் பரவியிருக்கிறது. ஒத்த பொருளுடைய இரு சொற்களைத் தேடும் வினா இருப்பதால் இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் பொருளால் நெருங்கிய புதிய சொற்களைச் சேர்த்துக் கற்பது கடினம் என்று ஆய்வாளர் டிங்கம் 1993-இல் தம் சோதனைகளில் கண்டார். சொற்களைத் தனித்தனியே கற்று, அவை நிலைத்தபின் கூட்டமாகத் தொகுப்பதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதத்திலேயே கூட்டம் கூட்டமாக மனப்பாடம் செய்யும்படி மாணவர்களை வற்புறுத்துவது அவர்களுடைய உழைப்பை வீணாக்குகிறது.

வேர்ச்சொல் வழி நம் நாட்டில் நார்மன் லூயிஸின் 1949-ஆம் ஆண்டு நூலான ‘வேர்ட் பவர் மேட் ஈசி’யால் வேரூன்றியது. பேசுதலைக் குறிக்கும் லத்தீன் வேர் ஒன்றைக் கற்றால் ‘லாக்வேஷஸ்’, ‘எலக்வென்ட்’, ‘கிராண்டிலாக்வென்ட்’ ஆகிய மூன்றும் சேர்ந்து மனத்தில் நிற்கும். நினைவுக்கு இது நல்ல துணை. ஊகத்துக்கு ஆபத்தான துணை. ‘நாய்சம்’ என்பதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பில்லை, அது துர்நாற்றத்தைக் குறிக்கும். ‘ரெஸ்டிவ்’ என்பவர் ஓய்வாக இருப்பவர் அல்லர், பொறுமையிழந்து கட்டுக்கு அடங்காதவர். ‘எனர்வேட்’ வலுவூட்டுவதில்லை, வலுவிழக்கச் செய்கிறது. தேர்வு அமைப்பவர்களுக்கு இச்சொற்களின் இயல்பு நன்றாகவே தெரியும்.

வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நாளிதழ், நாவல் போன்றவற்றைத் துணையின்றி வாசிக்க 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அந்த அளவை எட்டாதவருக்குத் தி எகானமிஸ்ட் ஆங்கில வார இதழின் கட்டுரை சொற்களைக் கற்றுத்தருவதைவிட அகராதியை நோக்கியே அதிகம் அனுப்பும். தேர்வுச் சொற்கள் அரிதானவை என்பதால் ஒரே சொல்லை மறுபடி சந்திக்க வாரங்கள் ஆகலாம். ஆனால் வாக்கியத்தின் திருப்பங்களை, ‘ஆயினும்’, ‘இருந்தபோதிலும்’ போன்ற இணைப்புகள் கருத்தைத் திசைமாற்றும் விதத்தை, வாசிப்பைப் போல் வேறெதுவும் பழக்காது. ஓராண்டு அவகாசம் உள்ளவர் இதிலிருந்தே தொடங்கலாம்.

மூன்று நான்கு மாதங்கள் மட்டும் உள்ளவருக்கு 1000 சொற்களை ஒட்டிய ஒரே ஒரு தொகுப்பு, அதிலிருந்து தாமே வாக்கியத்தோடு எழுதிய அட்டைகள், நாளுக்குப் பதினைந்துக்கு மிகாத புதிய சொற்கள், ஒரு கட்டுரை வாசிப்பு என்பதே என் பரிந்துரை. வேர்ச்சொல்லை அட்டையின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே மாதம் உள்ளவர் தொகுப்பைப் பாதியாகக் குறைத்து, தெரிந்த சொற்களின் தெரியாத பொருள்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் இலவசமாகத் தரும் இரு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டு, தவறிய ஒவ்வொரு வினாவிலும் சொல் தெரியாமல் தவறியதா, வாக்கியம் புரியாமல் தவறியதா என்று பிரித்துக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டாம் வகைத் தவறுகளே மிகுதி என்றால், அட்டைகளுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை அன்றே வாசிப்புக்கு மாற்றிவிட வேண்டும்.