பத்தரை மணித் தட்டு: பொங்கல், அடை, அரிசி உப்புமா, கருவாட்டுக் குழம்பு

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு மூன்று பந்தி. ஏழு மணிக்கு அத்தை. மாத்திரை போட வேண்டும் என்பதால் ஐந்து நிமிடம் தள்ளினாலும் சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுவார். எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து பிள்ளைகள் இரண்டு பேர். பத்தரைக்கு அவர், சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் முடித்துவிட்டு. பெரும்பாலும் நானும் அவரோடுதான் உட்காருவேன்.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் 'சூடாகப் பரிமாறவும்' என்று முடித்துவிடுகிறார்கள். முதல் பந்திக்குச் சரி. ஏழு மணிக்கு இறக்கி வைத்தது பத்தரைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கோ அதுதான் கேள்வி. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் நாக்கு இதமாக எதையாவது தேடும். அப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் அடுப்பில் மாறி மாறி ஏறுவது நான்கு: வெண்பொங்கல், அடை, அரிசி உப்புமா, கருவாட்டுக் குழம்பு. இட்லி, தோசையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. மாவு இருந்தால் அதுதான் என்று தெரிந்த விஷயம். மாவு தீர்ந்த நாளில்தான் இந்த யோசனையே வருகிறது.

வீட்டில் ஓட்டெடுப்பு வைத்தால் பொங்கல்தான் ஜெயிக்கும். ஒரு தம்ளர் பச்சரிசி, அரை தம்ளருக்குச் சற்றுக் குறைவாகப் பாசிப்பருப்பு, ஐந்து தம்ளர் தண்ணீர். பருப்பை வாசம் வரும்வரை வறுத்துச் சேர்த்தால் குக்கரில் ஐந்து விசிலுக்குக் குழைந்துவிடும். நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகாது. முந்திரி மட்டும் அத்தையின் கணக்கு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் 'தானே' புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதன் பிறகு கொஞ்ச காலம் முந்திரியை எண்ணித்தான் போட்டார். தோப்புகளில் புதுக் கன்று வைத்து அவை காய்த்தும் ஆயிற்று, இவர் எண்ணுவதை மட்டும் விடவில்லை. ஆளுக்கு மூன்று.

ஏழு மணிக்குப் பொங்கலை அடித்துக்கொள்ள ஆளில்லை. எட்டு மணிக்கும் பரவாயில்லை. பத்தரைக்குக் கரண்டியைக் குத்தினால் செங்குத்தாக நிற்கும். குழைந்த அரிசியின் மாவுச்சத்து ஆற ஆற இறுகிக்கொள்ளும். மார்கழிக் குளிர் என்றால் மேலே நெய்யும் உறைந்து ஒரு தோல் கட்டிவிடும். கொதிக்கிற தண்ணீரை அரைக் கரண்டி விட்டுக் கிளறினால் இளகத்தான் செய்யும். ஆனால் உப்பு நீர்த்துவிடும், மிளகின் காரமும் மங்கிவிடும், திரும்பக் கொஞ்சம் நெய் கேட்கும். இறக்கும்போதே தளர்வாக இறக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. செய்து பார்த்தேன். அத்தை தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, கஞ்சியா?" என்றார். இன்னொன்று, பொங்கல் தூக்கத்தைக் கொண்டுவரும். எட்டரை மணிக்கு வீட்டுப்பாடம் எழுத உட்காருகிற பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டு நோட்டின் மேல் தலை சாய்ந்துவிட்டது என்று திட்டுவதில் நியாயம் இல்லை. எங்கள் வீட்டில் பொங்கல் ஞாயிறு காலைக்குப் போய்விட்டது. எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம் அது.

அடையின் சிக்கலே வேறு. அது காத்திருக்காது, காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் அப்போதைக்கப்போது கல்லில் இருந்து எடுத்துப் போடலாம், கடைசிப் பந்திக்கும் மொறுமொறுவென்று கிடைக்கும். புழுங்கல் அரிசி, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, கொஞ்சம் உளுந்து, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்தால் போதும், புளிக்க வைக்க வேண்டியதில்லை. பின்பக்கத்து மரத்தில் முருங்கைக்கீரை இருக்கிறது, உருவிப் போட்டால் வாசமே தனி. நான்கிலும் பருப்பு கூடுதலாகப் போவது அடையில்தான். இரண்டு தின்றால் விடியும்வரை பசிக்காது.

இதெல்லாம் தின்பவர் கணக்கு. சுடுபவர் கணக்கைப் பாருங்கள். தடிமனான அடை ஒன்று, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டுச் சிவக்க நான்கு நிமிடம் பிடிக்கும். ஐந்து பேருக்குப் பன்னிரண்டு அடை என்றால் கல் முன்னால் முக்கால் மணிக்கு மேல், அதுவும் மூன்று தவணையாக. பத்தரைக்கு அவருக்குச் சுட்டுப் போட்டுவிட்டு எனக்கானதைச் சுடும்போது அவர் கை கழுவியிருப்பார். முன்கூட்டியே சுட்டு ஹாட்பேக்கில் வைத்தால் தோலாகிவிடும், பல்லுக்கு வேலை. போதாததற்கு மிக்ஸியோ கிரைண்டரோ ஓட வேண்டும். கடலூரில் மழைக் காலத்தில் மின்சாரத்தை நம்பிப் பருப்பை ஊறப் போடுவது துணிச்சலான காரியம். ஊறிய பருப்பும் நானும் இருட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் உண்டு.

இனி அரிசி உப்புமா. உப்புமா என்றதும் முகம் சுளிப்பவர்களைத் தெரியும். அவர்கள் மனதில் இருப்பது கல்யாண மண்டபத்துக் காலை ரவை உப்புமா. இது அந்த வம்சம் இல்லை. பச்சரிசி நான்கு பங்கு, துவரம் பருப்பு அரைப் பங்கு, ஒரு கரண்டி மிளகு, சீரகம். கழுவி நிழலில் உலர்த்தி, ரவையாக உடைத்து டப்பாவில் போட்டுவிட்டால் ஒரு மாதம் கவலையில்லை. ரொம்பப் பொடியாக உடைத்துவிடக் கூடாது. மாவு கூடினால் கிண்டும்போது கூழாகிவிடும். சலித்து மாவை நீக்கிவிடுங்கள், தோசைக்கு ஆகும்.

செய்முறை அத்தையிடம் கற்றது. அடி கனமான வெண்கலப் பானையில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் கிடையாது. ரவை ஒரு தம்ளர் என்றால் தண்ணீர் இரண்டரை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் போட்டு, ரவையைத் தூவிக் கிளறி, தீயைத் தணித்து மூடிவிட வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறை அடிவரை புரட்டினால் போதும். இருபது நிமிடத்தில் உதிரியாக வெந்திருக்கும். அடியில் பொன்னிறத்தில் ஒரு காந்தல் பிடித்திருக்கும். அது குற்றமில்லை, பரிசு.

இது எப்படித் தாங்குகிறது என்று கேட்டால், பொங்கல் இறுகுவதற்கான காரணம் இதில் பாதிதான் இருக்கிறது. அரிசி இங்கே குழைவதில்லை. ஒவ்வொரு குருணையும் எண்ணெய் பூசித் தனித்தனியாக நிற்கிறது, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதற்கு வழி குறைவு. வெண்கலம் சூட்டை எளிதில் விடாது. எட்டு மணிக்கு நல்ல சூடு, பத்தரைக்கு வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்பில் மிளகு வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும் என்பது என் கட்சி. ஹாட்பேக்கில் மாற்றுவதானால் மூடிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள், ஆவி சொட்டி மேல்பகுதி நசநசத்துப்போகாது.

தொட்டுக்கொள்ள கத்திரிக்காய் கொத்சு. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிதம்பரத்தில் மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்தோடு இணைபிரியாமல் வருவது. வதக்கி மசித்த கத்திரிக்காய், புளி, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் கடலைப் பருப்பும், கை நிறைய நல்லெண்ணெய். உப்புமாவிலும் மிளகு, சீரகம் இருப்பதாலோ என்னவோ, சம்பா சாதத்துக்குப் பொருந்துகிற மாதிரியே இதற்கும் பொருந்துகிறது. கொத்சு நேரமாக ஆகத்தான் ருசிக்கும். ஆகவே பத்தரை மணிப் பந்திக்கு ஏழு மணிப் பந்தியைவிட நல்ல கொத்சு கிடைக்கிறது.

உப்புமாவில் குறை இல்லாமல் இல்லை. கொத்சோ சட்னியோ இல்லாவிட்டால் நெஞ்சை அடைக்கும். ரவை டப்பா காலியாக இருந்தால் மிக்ஸி வேண்டும், அப்போது அடைக்குச் சொன்ன புகாரெல்லாம் இதற்கும் சேரும். பெயர் ராசியும் சரியில்லை. "மழை இப்படி ஊத்துது, உப்புமாவா கிண்டப் போற?" என்று அத்தையே கேட்பார். கேட்டுவிட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொள்வார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி திணித்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் டப்பாவைத் திறந்து உப்புமாதான் கிண்டினேன். அவர் ஷிப்ட்டுக்குப் போகவில்லை. கொத்சு கிடையாது, மாங்காய் ஊறுகாய்தான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் ஒரே பந்தி.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்க முடியாததற்குக் காரணம் மின்சாரம் இல்லை. கார்த்திகை முதல் தேதியே அவர் மாலை போட்டிருந்தார். மலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டுக்குள் மீன், கருவாடு நுழையாது. எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். கடலூர்க்காரர்களின் பெரிய சோகம் இது என்பேன். கருவாட்டுக் குழம்பு மிகவும் ருசிக்கும் மழை மாதமும் அதைத் தொடக் கூடாத மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. மிஞ்சுவது ஐப்பசி. புரட்டாசி முழுக்க அத்தைக்காக நிறுத்தி வைத்திருப்போம், ஐப்பசி பிறந்ததும் முதல் வேலை முதுநகருக்குப் போய்க் கருவாடு வாங்குவதுதான். புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கடலுக்குப் போகாது, பச்சை மீனுக்கு விலை ஏறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்திலும் இதே கதை. கைகொடுப்பது கருவாடு.

நெத்திலி என்றால் பிள்ளைகளுக்கு முள் பயம் இல்லை. வாளை என்றால் குழம்பு மணக்கும். வெந்நீரில் ஊறவைத்து மணல் போகக் கழுவி, கத்திரிக்காயும் ஊறிய மொச்சையும் போட்டு, புளியை நன்றாகக் கரைத்து ஊற்ற வேண்டும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், கருவாடே போதுமான உப்பை விட்டிருக்கும். எங்கள் பக்கத்துக் குழம்பைத் தனித்துக் காட்டுவது கடைசியில் போடும் வடகம். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, பகலில் காயவைத்து இரவில் உடைத்துப் பிசைந்து திரும்ப உருட்டி, ஒரு வாரம் பத்து நாள் படாத பாடு பட்டுச் செய்வது. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது பிடித்துப்போய், நம் வடவம் அவர்கள் சமையலில் 'வடூவான்' ஆகியிருக்கிறது. அவர்கள் எதில் வேண்டுமானாலும் போடட்டும். நல்லெண்ணெயில் ஒரு துண்டு வடகம் பொரிந்து குழம்பில் விழும் அந்த 'சொய்ங்' சத்தத்துக்கு எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டு வருவார்கள்.

தாங்குகிற விஷயத்தில் இந்தக் குழம்பை எதுவும் நெருங்க முடியாது. புளியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. ஏழு மணிக்குக் காரமும் புளிப்பும் தனித்தனியாக நிற்கும், பத்தரைக்குச் சேர்ந்துவிடும், மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு இன்னும் மேல். சோற்றை மட்டும் சூடாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அத்தைக்கு ரத்த அழுத்தம். அவருக்குக் கருவாட்டை எடுத்துவிட்டுக் கத்திரிக்காயும் கொஞ்சம் குழம்பும்தான். அதற்குள் இறங்கியிருக்கும் உப்பை நான் என்ன செய்ய? அதனால் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன். சின்னவள் வாசனைக்கே மூக்கைப் பிடித்துக்கொள்வாள், அவளுக்குத் தனியாக ஒரு முட்டை பொரிக்க வேண்டும். ஒரு குழம்புக்கு இரண்டு துணைச் சமையல் என்றால் 'குடும்பத்துக்கே ஒரு சமையல்' என்ற சௌகரியம் எங்கே?

ருசிக்கு மட்டும் மார்க் போட்டால் கருவாட்டுக் குழம்புதான், சந்தேகமே இல்லை. வார நாள் இரவுக்கு என் தேர்வு அரிசி உப்புமா. அடை, பிள்ளைகளுக்கு லீவு விட்டு, கல் முன்னால் நிற்க இன்னொரு ஆளும் இருக்கிற நாளுக்கு. இரண்டு கல் போட்டால் அடையும் சுகமான சமையல்தான்.

உப்புமாவில் பத்தரை மணிவரை தாங்காதது ஒன்றே ஒன்று, அந்தக் காந்தல். அவருக்கென்று ஒரு துண்டை எடுத்துக் கிண்ணத்தில் மூடி வைக்கிறேன். எட்டு மணிப் பந்தி எழுந்து போனதும் மூடி மட்டும்தான் இருக்கிறது.