யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம்: ஜெப வேளைக்கு உதவும், காவலுக்கு உதவாது

குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் பாட்டுப் புத்தகத்தைத் தேடும் வீடுகள் குறைந்துவிட்டன. டிவியிலோ போனிலோ யூடியூபைத் திறந்து, கீர்த்தனையைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுகிறார்கள். பாட்டு முடிந்து தலை குனியும் நேரத்தில் கடன் ஆப் விளம்பரம் அலறுகிறது. மாதம் 299 ரூபாய் கொடுத்தால் இதை நிறுத்தித் தருகிறோம் என்கிறது யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம். கிறிஸ்தவக் குடும்பங்கள் இதை வாங்குவதற்கு வாலிபர் ஊழியத்தில் அடிக்கடி கேட்கும் காரணம் இரண்டு: விளம்பரம் வரக்கூடாது, பிள்ளைகள் கண்டதையும் கேட்கக்கூடாது. முதலாவதை இந்தத் திட்டம் நன்றாகவே செய்கிறது. இரண்டாவதை அது செய்வதாகச் சொல்லவேயில்லை. பெற்றோர்தான் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

விலையை முதலில் பார்த்துவிடலாம். 2024 ஆகஸ்டில் உயர்த்திய விலைப்படி தனிநபருக்கு 149, மாணவருக்கு 89, குடும்பத்துக்கு 299 ரூபாய். குடும்பத் திட்டத்தில் வாங்கியவரோடு இன்னும் ஐந்து பேர் சேரலாம். ஆறு பேரும் நிரம்பினால் தலைக்கு 50 ரூபாய். இரண்டே பேர் என்றால்கூட இரண்டு தனிநபர் சந்தாவுக்கு ஆகும் தொகையைவிட ஒரு ரூபாய்தான் அதிகம். 1,490 ரூபாய் வருடச் சந்தா தனிநபருக்கு மட்டும்தான். குடும்பத்துக்கு மாதக் கட்டணமே. ஐபோன் ஆப்புக்குள் வாங்கினால் விலை கூடும், அதனால் பிரௌசரில் வாங்குங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இரண்டு மலிவுத் திட்டங்கள் உண்டு. 89 ரூபாய் ‘பிரீமியம் லைட்’ பெரும்பாலான வீடியோக்களில் விளம்பரத்தை நீக்கும், ஆனால் பாட்டுகளில் நீக்காது. நமக்கு வேண்டியதே பாட்டு, ஆகவே அது வீண். 179 ரூபாய் ‘மியூசிக் பிரீமியம்’ குடும்பத் திட்டம் யூடியூப் மியூசிக் ஆப்பில் மட்டும் வேலை செய்யும். டிவியில் வழக்கமான யூடியூப்பைத் திறந்து வரிகளோடு பாட்டைப் போட்டால் விளம்பரம் வரத்தான் செய்யும்.

பணம் கட்ட வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நடுவில் வரும் விளம்பரம் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் வீடியோக்களில்தான் வைக்கப்படுகிறது. ‘ஒரு மணி நேர ஆராதனைப் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளை விட்டுவிட்டு, நான்கைந்து நிமிடத் தனிப்பாட்டாக எடுத்து வரிசைப்படுத்தினால், பாட்டின் நடுவே இடைஞ்சல் இருக்காது. முன்னும் பின்னும் வருவதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, சபையின் சேனலில் விளம்பரம் வந்தால் ஆயர் காசு பார்க்கிறார் என்று பேசாதீர்கள். வருமானத் திட்டத்தில் சேராத சேனல்களிலும் யூடியூப் தானாகவே விளம்பரம் போடலாம் என்று விதி மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தப் பணத்தில் சபைக்குப் பங்கு கிடையாது.

வாங்கிய பிறகு பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று. அப்பாவின் ஜிமெயிலை எல்லாப் போன்களிலும் டிவியிலும் போட்டுவிடுகிறார்கள். ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பாட்டு ஓடினால் ஒன்று நின்றுவிடும். ஹாஸ்டலில் மகன் இயர்போனை மாட்டியதும், ‘உங்கள் கணக்கு வேறு இடத்தில் பயன்படுத்தப்படுகிறது’ என்ற அறிவிப்போடு வீட்டு ஸ்பீக்கரில் கீர்த்தனை பாதியில் நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பரிந்துரைகள். அண்ணன் பார்த்த கானா, தங்கை பார்த்த கொரியன் நடனம், அம்மா கேட்ட செய்தி எல்லாம் ஒரே வரலாற்றில் விழுந்து, அப்பாவின் முகப்புப் பக்கத்தில் முளைக்கின்றன. அதற்கு யாருக்குத் திட்டு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆளுக்கொரு கணக்கு வேண்டும். வாங்கியவர் யூடியூப் ஆப்பில் தன் படத்தைத் தொட்டு, ‘பர்ச்சேஸ் அண்ட் மெம்பர்ஷிப்ஸ்’ என்ற பகுதிக்குள் குடும்பப் பகிர்வைத் திறந்து, ஒவ்வொருவரின் மெயிலுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். அழைப்பு அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. பெறுபவர் தன் போனில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட்டியின் மெயிலைத் திறக்க ஆளில்லாமல் அழைப்பு தூங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். எல்லோரும் ஒரே நாட்டுக் கணக்காகவும் ஒரே வீட்டு முகவரியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. முகவரியை 30 நாளுக்கு ஒருமுறை கணினியே சரிபார்க்கும். துபாயில் இருக்கும் சித்தப்பாவைச் சேர்க்க நினைப்பது வேலைக்காகாது. சபை அல்லது நிறுவனம் கொடுத்த வொர்க்ஸ்பேஸ் மெயிலும் குடும்பக் குழுவில் சேராது, சாதாரண ஜிமெயில் வேண்டும். ஒருவர் ஒரு குடும்பக் குழுவில்தான் இருக்க முடியும், 12 மாதத்துக்கு ஒருமுறைதான் குழு மாறலாம். கல்யாணம் நிச்சயமான அக்காவைச் சேர்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

டிவியில் யூடியூப் ஆப்பைத் திறந்ததும் ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்கும். விருந்தாளி என்பதைத் தேர்ந்தெடுத்தால் காசு கட்டியும் விளம்பரம் வரும். சந்தா வீட்டுக்கோ டிவிக்கோ அல்ல, கணக்குக்குத்தான். ஜெப வேளைக்கென்றே அம்மாவின் கணக்கை ஒதுக்கிவைத்து, அதில் வேறெதையும் பார்க்காமல் இருந்தால், ஓரிரு வாரத்தில் முகப்புப் பக்கமே பாமாலையும் கீர்த்தனையுமாக மாறிவிடும். பணமில்லாமல் கிடைக்கும் நல்ல வடிகட்டி இதுதான்.

இனி அந்த இரண்டாவது எதிர்பார்ப்பு. யூடியூபில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ உண்டு. பாட்டுகளில் கெட்ட வார்த்தை இருப்பதாக எச்சரிக்கும் ‘எக்ஸ்பிளிசிட்’ முத்திரையும் உண்டு. இவை இரண்டும் பிள்ளையைக் காக்கும் என்று நம்பி போனைக் கொடுக்கிறவர்கள் அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் மோட் தலைப்பு, விவரம், வயது வரம்பு போன்ற குறிப்புகளைப் பார்த்து வடிகட்டுகிறது. அதை ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகப் போட வேண்டும். அப்பா தன் போனில் போட்டுவிட்டால் ஹாலில் இருக்கும் டிவிக்குப் பொருந்தாது. எக்ஸ்பிளிசிட் முத்திரையைப் பாட்டை வெளியிடும் நிறுவனமே ஒட்டுகிறது. 1985-ல் அமெரிக்காவில் பெற்றோர் குழு ஒன்று கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு இசைத்தட்டு உறைகளில் வந்த எச்சரிக்கை வாசகத்தின் வாரிசு அது. ஆங்கிலக் கெட்ட வார்த்தை இருந்தால் அது பெரும்பாலும் வேலை செய்யும்.

தமிழில் கதை வேறு. குத்துப்பாட்டின் இரட்டை அர்த்தத்தில் தனியாக எடுத்துக் காட்ட ஒரு கெட்ட வார்த்தைகூட இருக்காது. மாம்பழம், எலுமிச்சை, பூட்டு, சாவி என்று எல்லாம் அகராதியில் உள்ள நல்ல சொற்கள். எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது. திரைப்படமாவது தணிக்கைக் குழுவுக்குப் போகிறது, நேராக இணையத்தில் வெளியாகும் தனிப்பாட்டு எங்கும் போவதில்லை. சாதிப் பெருமை பேசி அரிவாளைத் தூக்கிக் காட்டும் பாட்டுக்கும் முத்திரை கிடையாது. வாலிபர் கூட்டங்களில் ஆங்கில ராப்பைப் பற்றி அரைமணி நேரம் எச்சரிக்கிறோம், இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம் சபைகளுக்குள்ளும் சாதி உட்கார்ந்திருப்பதால் இருக்கலாம்.

13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் மேற்பார்வைக்கென்று கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப் வழியாகக் கணக்கு தொடங்கி, அதே குடும்பக் குழுவில் சேர்த்துவிடுங்கள். யூடியூப் கிட்ஸ் ஆப்பில் விளம்பரம் நின்றுவிடும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மேற்பார்வைக் கணக்கில் மூன்று நிலைகள் இருக்கின்றன: 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், வயது வரம்பிட்டவை நீங்கலாக ஏறத்தாழ எல்லாம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் நிலை போதும். சில நல்ல பாட்டுகளும் அதில் காணாமல் போகும்தான், ஆனாலும் அடுத்த நிலைக்கு அவசரப்பட வேண்டாம். பதின்வயதுப் பிள்ளையின் கணக்கோடு பெற்றோர் இணைந்துகொள்ளும் வசதி 2024-ல் வந்தது. அதில் பிள்ளை எத்தனை வீடியோ ஏற்றினான், எத்தனை சேனலில் சேர்ந்தான், எத்தனை கருத்து எழுதினான் என்ற அளவில்தான் தெரியும். என்ன பார்த்தான் என்று தெரியாது.

விளம்பரத்தை எடுத்துவிடுவதில் ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. ஷார்ட்ஸ் தள்ளிக்கொண்டே போகும் விரலைச் சற்று நிறுத்திவைத்தது விளம்பரம்தான். அது போனதும் வழுக்கல் கூடுகிறது. திரையை அணைத்தாலும் பாட்டு ஓடும் வசதி சமையலறையில் வரப்பிரசாதம், போர்வைக்குள் இரவு ஒரு மணி வரை இழுக்கும் பழக்கத்துக்கும் அதுவே வழி. ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங் கணக்கில் திரையில் ஆப் திறந்திருந்த நேரமே வரும், திரை அணைந்த நிலையில் கேட்ட நேரம் அதில் சேராது. 40 நிமிடம் என்று காட்டுவதை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். யூடியூப் மியூசிக்கில் ஓடும் பாட்டின் மூன்று புள்ளியைத் தொட்டால் ஸ்லீப் டைமர் இருக்கிறது. பிடுங்குவதைவிட, அதை 30 நிமிடத்துக்கு வைக்கப் பிள்ளையிடமே சொல்வது பலன் தருகிறது.

ஜெபத்துக்கான பட்டியல் ஒன்றைக் குடும்பமாகவே சேர்த்துச் செய்யலாம். புதிய பிளேலிஸ்ட் தொடங்கி, ‘அன்லிஸ்டட்’ (லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும்) என்று வைத்து, ‘கொலாபரேட்’ என்பதைத் தட்டி, அந்த லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் பாட்டுச் சேர்க்கலாம். வாரத்துக்கு ஆளுக்கொரு பாட்டு என்பது நல்ல அளவு. தாத்தா வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையைப் போடுவார், பேரன் கிட்டார் அதிரும் புதுப்பாட்டைப் போடுவான், இரண்டையும் எல்லோரும் கேட்க வேண்டும். பிள்ளை என்ன கேட்கிறது என்று ஒளிந்து பார்ப்பதைவிட இந்தப் பட்டியல் அதிகம் சொல்லும். பட்டியல் முடிந்ததும் தானாக வேறு பாட்டு தொடங்காமலிருக்க ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். யூடியூபிலும் மியூசிக் ஆப்பிலும் அது தனித்தனி இடத்தில் இருக்கிறது, ஒன்றில் நிறுத்தினால் மற்றதில் நிற்காது.

மியூசிக் ஆப்பின் ஒலித்தரம் போதுமானது. ‘ஹை’ என்று வைத்தால் 256 கேபிபிஎஸ், மணிக்குச் சுமார் 115 எம்பி செலவாகும். 128-ல் அதில் பாதி. சிறிய புளூடூத் ஸ்பீக்கரில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘மியூசிக் வீடியோ வேண்டாம்’ என்ற அமைப்பைப் போட்டால் படம் இறங்காமல் ஒலி மட்டும் வரும். டேட்டாவும் மிச்சம், சினிமாப் பாட்டின் காட்சியும் பிள்ளையின் கண்ணில் படாது. யாராவது கீபோர்டில் கூட வாசிப்பதானால் புளூடூத்தைத் தவிர்த்து ஆக்ஸ் ஒயரில் இணையுங்கள். புளூடூத்தில் ஒலி ஒரு இழை பிந்தி வருவதால் தாளம் கலைந்துவிடும். க்வயர் பயிற்சிக்கு வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடும், ஆல்ட்டோ வரியைப் பிடிக்க இது அருமை. சுருதியை மட்டும் இறக்க யூடியூபில் வழியில்லை. பாடுபவருக்கு எட்டாவிட்டால் வீடியோவை விட்டுவிட்டுக் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் போடுவதுதான் எளிய வழி.

டவுன்லோடு வசதியைப் பெரிதாக எண்ணி வாங்க வேண்டாம். இறக்கிய பாட்டு ஆப்புக்குள்தான் இருக்கும். பென் டிரைவில் போடவோ காரின் யூஎஸ்பியில் ஓட்டவோ முடியாது. சந்தா நின்றால் அதுவும் போய்விடும்.

பலருக்குத் தெரியாத நல்ல வசதி ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. கணினி பிரௌசரில் யூடியூப் மியூசிக்கைத் திறந்து, நம்மிடம் உள்ள எம்பி3 பாட்டுகளை 1,00,000 வரை ஏற்றிக்கொள்ளலாம். பழைய கேசட்டிலிருந்து மாற்றிய கன்வென்ஷன் பாட்டு, சபைக் க்வயரின் கிறிஸ்மஸ் பதிவு என்று எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். அவற்றுக்குப் பிரீமியம் இல்லாமலே விளம்பரம் வராது, திரையை அணைத்தாலும் ஓடும். குறை, ஏற்றியவர் மட்டுமே கேட்க முடியும். குடும்பக் குழுவில் இருந்தாலும் மற்றவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் வேண்டுமானால் ஒவ்வொருவர் கணக்கிலும் தனியாக ஏற்ற வேண்டும்.

இந்தச் சந்தாவை வைத்து வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நிகழ்ச்சியிலோ வாலிபர் கூட்டத்திலோ பாட்டுப் போடலாமா? யூடியூப் விதிகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. பொது இடத்தில் ஓட்டுவது அதில் அடங்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உண்மையான மதச் சடங்கில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு தருகிறது என்பது சரிதான், ஆனால் அந்த விலக்கு யூடியூபோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மாற்றாது. சபையில் பாட விலைக்கு வாங்கிய ட்ராக்கையோ, நம் பிள்ளைகளே வாசிக்கும் கீபோர்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருக்கு மேல் இருந்து, ஆளுக்கொரு போனும் டிவியும் உள்ள வீட்டுக்கு 299 ரூபாய் நியாயமான விலை. தம்பதி இருவர் மட்டும், ஜெப நேரத்துக்குத்தான் வேண்டும் என்றால் ஒரு 149 ரூபாய் சந்தாவை டிவிக் கணக்கில் போட்டாலே போதும். பிள்ளையின் பழக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான் வாங்குகிறோம் என்பவர்கள் ஃபேமிலி லிங்க் ஆப்பை முதலில் நிறுவட்டும். அதற்குக் காசு கிடையாது.