பஸ் ஆப்: அட்டவணைக் கோப்பா, நேரலைத் தரவா?

பஸ் நேரம் காட்டும் ஆப் எழுதுபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் கைகோத்ததில் பிறந்த ஜிடிஎஃப்எஸ் (GTFS, போக்குவரத்து அட்டவணையைப் பகிர்வதற்கான பொது வடிவம்), நிலையான தரவு. 2011-ல் வந்த ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம், நேரலை.

முதலாவது ஒரு ஜிப் கோப்பு, அவ்வளவுதான். உள்ளே நிறுத்தங்கள், தடங்கள், நேரங்கள் எல்லாம் காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரை. போனில் இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். டெஸ்ட் எழுதவும் சுலபம்: இன்று வந்த விடையே நாளையும் வரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நள்ளிரவு தாண்டிய பஸ்ஸுக்கு 25:35:00 (அதாவது அதிகாலை 1:35) என்று நேரம் போட்டிருக்கும். முந்தைய நாள் சேவையின் தொடர்ச்சி அது. கடிகார நேரமாகப் படித்தால் நிரல் அங்கேயே விழும்.

நேரலையில் பஸ் எங்கே வருகிறது, எவ்வளவு தாமதம் என்பது தெரியும். 30 விநாடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், இருப்பிடம் 90 விநாடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது பரிந்துரை. ஆனால் வருவது பெரும்பாலும் நிறுத்தம், தடம் போன்றவற்றின் அடையாளக் குறிகள்தான். நிறுத்தத்தின் பெயரை அட்டவணையில்தான் தேட வேண்டும்.

அதனால் அட்டவணையை முதலில் கட்டுங்கள், அப்புறம் நேரலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரலை நின்றுபோனால் 'அட்டவணைப்படி' என்று திரையிலேயே சொல்லிவிடுங்கள். பழைய இருப்பிடத்தை வைத்து '2 நிமிடத்தில் வரும்' என்று காட்டவே கூடாது. அதை நம்பி நிற்பவர் வேறு வண்டியையும் விட்டுவிடுவார்.