மூக்கு டியூப் அடைத்தால் கோலா ஊற்றச் சொல்லும் ஏஜென்சி: தண்டையார்பேட்டையில் எங்களுக்கு நடந்தது

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் தேடுகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போய்விட்டது. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, நானும் வேலைக்குப் போகிறவள். சுவரொட்டியில் பார்த்த நம்பருக்குப் போன் செய்தோம். "ஐசியு அனுபவம் உள்ள நர்ஸ் அனுப்புறோம் மேடம்" என்றார்கள். மாதம் 27,000 ரூபாய், அட்வான்ஸ் 10,000.

வந்தது சின்னப் பெண். அத்தையை அன்பாகத்தான் பார்த்துக்கொண்டாள், அவள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவளுக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமே மூன்று நாள் என்று பிறகுதான் சொன்னாள். காலையில் ஆறு மாத்திரையையும் ஒன்றாக நுணுக்குவாள், ராகிக் கஞ்சியில் கலப்பாள், டியூபில் விடுவாள். கடைசியில் பேருக்குக் கொஞ்சம் தண்ணீர். நானும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, சரியாகத்தான் செய்கிறாள் என்று நம்பினேன்.

நான்காம் நாள் டியூப் அடைத்துக்கொண்டது. ஏஜென்சியிலிருந்து 'சீனியர்' என்று ஒருவர் வந்து வேறு டியூப் மாற்றினார். 2,500 ரூபாய். அதே டியூபை நான் பிறகு மருந்துக்கடையில் 90 ரூபாய்க்கு வாங்கினேன். ஏன் அடைத்தது என்று கேட்டதற்கு, "அம்மாவுக்குச் சளி அதிகம், அதான்" என்றார். தொண்டைச் சளி எப்படி டியூபுக்குள் போகும்? அது மூடிய குழாய், வாய் திறப்பது வயிற்றில். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

எட்டாம் நாள் மறுபடி அடைப்பு. இந்த முறை போனிலேயே, "ஒரு கோலா வாங்கி ஊத்துங்க, கரைஞ்சிடும்" என்றார்கள். ஊற்றினோம். உள்ளே நின்ற பால் திரிந்து இன்னும் கெட்டியானதுதான் மிச்சம். புளிப்பு பட்டால் பால் திரியும் என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பதற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை. அந்தப் பெண் 5 மில்லி சிரிஞ்சை எடுத்துப் பலம் கொண்டமட்டும் அழுத்தினாள். டியூப் பக்கவாட்டில் விரிந்து உள்ளே இருந்தது தலையணை எல்லாம் வழிந்தது. மறுபடி 2,500.

பதினோராம் நாள் இரவு மூன்றாவது முறை. சீனியர் டியூபைத் தள்ளும்போதே அத்தைக்கு இருமல், முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து, சிரிஞ்சால் காற்று ஊதி, "சத்தம் கேக்குது, பால் குடுங்க" என்று பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருமல் நிற்கவே இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, பால் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். எக்ஸ்ரேயில் டியூப் தொண்டையிலேயே சுருண்டு கிடந்தது. அந்தப் பால் போயிருந்தால் நேராக நுரையீரலுக்குத்தான் போயிருக்கும். காற்று ஊதிச் சத்தம் கேட்பதை நம்பவே கூடாது, டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம் என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இல்லையென்றால் டியூப் வழியாக உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தைத் தாளில் பார்க்க வேண்டும், பிஎச் (அமில அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

அங்கே ஒரு சிஸ்டர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஃபீடுக்கு, அதாவது டியூபில் சாப்பாடு விடுவதற்கு, முன்னால் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பின்னால் 30 மில்லி. மாத்திரைகளைச் சேர்த்து நுணுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனியாக மாவாக்கித் தண்ணீரில் கரைத்து விட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் 10 மில்லியாவது தண்ணீர் போக வேண்டும். கஞ்சியில் மருந்து கலக்கவே கூடாது. கஞ்சியைத் துணியில் வடிகட்டித் தண்ணீராகத்தான் விட வேண்டும். இதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அத்தையின் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதில் ஒன்று எஸ்ஆர் மாத்திரை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியது. நுணுக்கினால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும். இன்னொன்று வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், அதன் மேல்பூச்சை உடைத்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும். பூச்சுத் துணுக்குகள் டியூபிலும் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் இரண்டையும் மாற்றி எழுதிக்கொடுத்தார். பதினோரு நாள் இதைத்தான் காசு கொடுத்துச் செய்யவைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அடைத்துக்கொண்டால் முதலில் டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். 50 மில்லி சிரிஞ்சால் உள்ளே நிற்பதை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து விட்டு, 20 நிமிடம் மூடி வைத்து, மறுபடி முயலுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம் ஏறும், அதனால்தான் எங்கள் டியூப் கிழிந்தது. கம்பி, குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். அப்போதும் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். மூக்கருகே டியூபில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

நர்ஸ் என்று யார் வந்தாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அப்புறம், "இரண்டு மாத்திரைக்கு நடுவில் எவ்வளவு தண்ணீர் விடுவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. முழித்தால் அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், "அக்ரிமெண்டில் இல்லை" என்கிறார்கள். டியூப் மாற்றியதற்கு ஒரு பில்லும் இல்லை, ஆனால் மூன்று முறையும் ஜிபேயில்தான் அனுப்பினேன், அந்தப் பதிவு இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே போல் மூன்று நாள் பயிற்சி நர்ஸை அனுப்பி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள்.