ஏற்காடு ரோட்டு மீன் கடை: மத்திக்கு மட்டும் போகலாம்

சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில், பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு மீன் கடை இருக்கிறது. வஞ்சரம், சங்கரா எல்லாம் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சூரமங்கலம் மார்க்கெட்டே மேல். நான் இங்கே போவது மத்திக்காக.

எல்லாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். செவுள் சிவந்திருந்தால் மீன் புதிது, சரி. கொழுப்பு இருக்கிறதா என்று அதை வைத்துத் தெரியாது. இந்தக் கடைக்காரர், கேட்டால் ஒரு மீனின் வயிற்றைக் கீறியே காட்டிவிடுகிறார். கொழுத்த மத்தியில் குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும், கத்தியில் எண்ணெய் மினுங்கும். சினை விட்ட மீன் என்றால் வயிறு ஒட்டிக் கிடக்கும். “இன்னிக்கு வேண்டாம் டீச்சர், குழம்பு சப்புன்னு இருக்கும்” என்று அவரே திருப்பி அனுப்பியதும் உண்டு. எந்தக் கடைக்காரர் இப்படிச் சொல்வார்?

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அந்த வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்காட்லாந்தின் மே தீவுதான் ஞாபகம் வரும். அங்கே பாறை விளிம்பில் முட்டையிடும் கில்லமோட் பறவை, குஞ்சுக்குத் தடவைக்கு ஒரு மீனைத்தான் அலகில் கவ்வி வரும். அந்த ஒரு மீன் கொழுத்ததாக இருந்தே ஆகவேண்டும். 2004-இல் அவை ஸ்ப்ராட் என்கிற மத்திக் குடும்பத்துச் சிறுமீனை ஊட்டிக்கொண்டேதான் இருந்தன, குஞ்சுகள் தேறவில்லை. மீனைச் சோதித்தால் உள்ளே சத்தே இல்லை.

தென்னாப்பிரிக்கக் கேனட் பறவைகள் கதையும் அதுதான். மத்தியும் நெத்திலியும் கிடைக்காதபோது இழுவைப்படகுகள் வீசியெறியும், கொழுப்பு குறைந்த ஹேக் மீனைத் தின்கின்றன. வளர்ந்த பறவை சமாளித்துவிடும், குஞ்சு வளராது. கேனட்டைப் பிடித்தால் தின்றதைக் கக்கிவிடும். 1978 முதல் அதைச் சேகரித்து, கடலில் மத்தி, நெத்திலி நிலவரம் எப்படி என்று அங்கே கணிக்கிறார்கள். எத்தனை டன் கரைக்கு வந்தது என்ற கணக்கில் இதெல்லாம் தெரியவராது. நம் பக்கத்தில் அந்த டன்னே ஆட்டம் கண்டது தனிக்கதை: கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,500 டன்னைக்கூடத் தொடவில்லை.

குறைகளும் உண்டு. ஆய்ந்து கொடுப்பது அரைகுறை. வீட்டில் மறுபடி செதில் உரச வேண்டும். ஐஸ் தண்ணீரை வடிக்காமல் தராசில் வைப்பார், வடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பார். எனக்கு ஆகவே ஆகாதது, ஓரத்தில் கூறு போட்டு வைத்திருக்கும் பொடி மத்தி. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவே கூடாது. கேட்டால், “வர்றதத்தான டீச்சர் விக்க முடியும்” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் வயிறு கீறிக் காட்ட அவருக்கு நேரமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடை. அப்போது சரக்கு நிச்சயமில்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.